பொறியியற் கல்வியும் ஊர்த் தொண்டும்

ஆண்டுதோறும் தைத் திங்கள் பிறந்தவுடன் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்கள் சிலவற்றில், கதிரவனுக்குப் பொங்கலிட்ட கையோடு மற்றொருவர் பெயராலும் பொங்கலிடுகின்றனர். அவர் நம் நாட்டினர் அல்லர். நம் சமயத்தினரும் அல்லர். நம்மை ஆண்ட அயலாரின் படையைச் சார்ந்த ஓர் இஞ்சினீயர். கர்னல் ஜான் பென்னிகுயிக் என்பது அவர் பெயர். 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிறந்தவராதலின், அவர் பிறந்த நாளும் நம் பொங்கலும் ஒட்டியே வருகின்றன. தம் மக்களுக்கு அவர் பெயரை இட்டு அழைப்போரும் நம் பக்கத்தில் உளர். ஓர் இஞ்சினீயருக்கு உழவர் பெருமக்கள் இத்துணை நன்றி பாராட்டுதல் உலகில் அரிது. அத்தகையார் தம் கல்வியை யாரிடத்துக் கற்றனர்? யாருக்காகப் பயன்படுத்தினர்? அக்கல்வியை இன்று நம் பிள்ளைகள் எவ்வாறு கற்கின்றனர்? இம்மூன்று வினாக்களையும் நம் சங்கத்து அன்பர்கள் முன் வைத்து, வரலாற்றின் துணைகொண்டு விடைகாண இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

முதற்கண் பெரியாற்றணையின் கதையைச் சுருங்கச் சொல்வோம். மேற்கே ஓடி அரபிக் கடலிற் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி வறண்ட வைகைக்கு ஊட்டலாமென்னும் எண்ணம் வெள்ளையரிடத்து முதலில் தோன்றியதன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானியாயிருந்த முத்திருளப்ப பிள்ளை என்பார் மலைமேல் ஆட்களை விடுத்து இதன் வகையை ஆராய்ந்தனர். பொருள் போதாமையின் அம்முயற்சி நின்றது. 1808-ஆம் ஆண்டு காப்டன் கால்டுவெல் (தமிழாராய்ந்த பாதிரியார் வேறு, இவர் வேறு) அவ்விடத்தைக் கண்டு, இஃது ஆகாத காரியமெனக் கைவிரித்தார். பின் வந்தோர் பலர் அளந்தனர்; வரைந்தனர்; வைத்துவிட்டனர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் பின்னரே அரசினர்க்கு உறக்கம் தெளிந்தது. 1882-ஆம் ஆண்டு திட்டத்தைப் புதுக்கி வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் விடப்பட்டது. 1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பெற்று, 1887-இல் வேலை தொடங்கி, 1895-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபுவால் அணையின் நீர் திறக்கப்பெற்றது.

கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு 155 அடி உயரத்திற்கு எழுப்பிய அவ்வணையும், மலையைக் குடைந்து ஏறத்தாழ ஒரு மைல் நீளத்திற்கு அமைத்த சுரங்கமும் கணக்கறிந்தார் செய்த வேலைகள். ஆயின் அக்கணக்கு ஒன்றாலேயே அணை எழவில்லை. தொடக்கத்தில் இட்ட தடுப்புக்களை வெள்ளம் அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டது. ஆண்டின் ஒரு பகுதியில் மலைமேல் தங்குதலே இயலாதாயிற்று. எத்தனையோ கூலியாட்கள் அக்காட்டிலேயே மடிந்தனர். பென்னிகுயிக்குக்குக் கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு மணிமண்டபம் எழுந்தது, தக்கதே. கல் சுமந்து மாண்டோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை. இஞ்சினீயரின் அறிவும் ஊராரின் உழைப்பும் சேர்ந்தே அணையாயின என்பதை நாம் மறத்தல் தகாது.

உழைப்பை மட்டுமா ஊரார் கொடுத்தனர்? அறிவையும் கொடுத்தனர் என்பதற்குக் காவிரிக் கரையே சான்று. ஸர் ஆர்தர் காட்டன் என்னும் இஞ்சினீயர் 1830-களில் கொள்ளிடத்திற்கு மேலணை கட்டப் புகுந்தபோது, அடிகாண முடியாத மணலில் அடிப்படை இடுவது எங்ஙனம் என்பதே அவர்க்குப் பெரும் புதிராயிருந்தது. அப்புதிரை அவிழ்த்தது கல்லணை. மணலுள் கல்லை இறக்கி, அமிழ அமிழ மேலுங் கல்லிட்டு நிலைபெறச் செய்த பழந்தமிழரின் முறையை ஆராய்ந்தே, நெகிழ் மணலில் கட்டுமானம் நிறுத்தும் வகையை வெள்ளை இஞ்சினீயர்கள் கற்றனர். இதனை மறைக்காது வெளிப்படையாக ஒப்புக்கொண்டவரும் காட்டனே. கற்ற அதனையே அவர் கோதாவரிக்குக் கொண்டுசென்று, 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் பேரணை எழுப்பினார். அவர்க்கு ஆசான் ஆனவர் கல்லூரிப் புலவர் அல்லர். பெயரறியாப் பழந்தச்சரும் கொத்தரும் ஆவர்.

இனி, இக்கல்வி பள்ளிக்கூடம் ஏறிய வரலாற்றைப் பார்ப்போம். 1794-ஆம் ஆண்டு மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் சென்னைக் கோட்டைப் பகுதியில் நில அளவைப் பள்ளியொன்று எட்டுச் சிறுவரோடு தொடங்கிற்று. அளவைக்காரரின் பின்னே சங்கிலி பிடித்து நடந்து, நிலத்தையே ஏடாகக் கொண்டு அவர்கள் கற்றனர். அப்பள்ளியே வளர்ந்து பொறியியற் கல்லூரியாகி, 1920-ஆம் ஆண்டு கிண்டிக்குக் குடியேறிற்று. வடக்கே ரூர்க்கியில் 1847-இல் தோன்றிய கல்லூரியோ கங்கைக் கால்வாய் வெட்டிய இடத்தின் அருகிலேயே எழுந்தது. வேலையிடமும் வகுப்பறையும் அங்கே கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஆயின் 1872-இல் இந்திய நாட்டு வேலைக்கென்றே இஞ்சினீயர்களைப் பயிற்ற இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்தில் ஒரு கல்லூரி திறந்தனர். காவிரியைக் காணாதவர் காவிரிக்கு இஞ்சினீயராகும் வழி அது. பெரியாற்று வேலை முடித்த பென்னிகுயிக்கே 1896 முதல் 1899 வரை அதற்குத் தலைவராயிருந்தனர். 1906-ஆம் ஆண்டில் அது மூடப்பெற்றது. கல்லூரி மூடினும் அதன் முறை மூடவில்லை. ஊரைவிட்டு விலகிநின்று ஊருக்குத் திட்டம் வகுக்கும் பழக்கம் நம் நாட்டுக் கல்லூரிகளிலும் வேர்விட்டது.

இப்பழக்கத்தின் தீங்கை உணர்ந்து மாற்ற முயன்றோரும் உளர். 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள், கைத்தொழில் வழியாகவே கல்வி நிகழவேண்டும் என்னும் கொள்கையை நாட்டின் முன் வைத்தார். 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவும் மாணாக்கர் விரும்பி மேற்கொள்ளும் சமூகத் தொண்டை வற்புறுத்திற்று. நமக்கு அண்மையில், சின்னாளபட்டியை அடுத்து, டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-ஆம் ஆண்டு காந்திகிராமத்தை நிறுவினர். 1956-இல் அங்கே ஊரக உயர்கல்விக் கழகம் அமைந்தது. 1976-இல் அது பல்கலைக்கழக நிலை பெற்றது. அக்காலத்து எழுந்த ஊரகக் கழகங்கள் சிலவற்றில் ஊரகப் பொறியியலும் ஒரு பாடமாயிற்று. காந்தி நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதில் சேர்ந்த மாணாக்கர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்றி, ஓர் ஊரில் ஏழு நாள் முகாமிலும் தங்குதல் வேண்டுமென்பது விதி. 2014-ஆம் ஆண்டு தில்லி ஐ.ஐ.டி.யை நடுவாகக் கொண்டு மத்திய அரசு தொடங்கிய உன்னத பாரத இயக்கம், உயர்கல்வி நிலையங்கள் சில ஊர்களைத் தத்தெடுத்து, தம் அறிவால் அவற்றின் குறை தீர்க்கவேண்டுமெனப் பணித்தது.

அமெரிக்காவிலும் இந்நினைவு எழுந்தது. அங்குள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காயில், லேயா ஜேமீசன் என்னும் ஆசிரியர் இருவர் 1995-ஆம் ஆண்டு ஒரு புதுமுறையைத் தொடங்கினர். பொறியியல் மாணாக்கர் குழுக்களாகச் சேர்ந்து, அருகிலுள்ள அறநிலையங்களின் உண்மைத் தேவை ஒன்றை எடுத்து, பருவந்தோறும் தொடர்ந்து உழைத்து, செய்த பொருளை அவர்கள் கையில் ஒப்படைப்பர். அவ்வுழைப்பிற்குப் பாடத்தில் மதிப்பெண்ணும் உண்டு. மூத்தோர் விட்ட இடத்தில் இளையோர் தொடங்குவர். இதனைத் ‘தொண்டுவழிக் கல்வி’ என யாம் பெயரிட்டு அழைக்கின்றோம்.

தொண்டு வேறு, தொண்டுவழிக் கல்வி வேறு. ஏழை வீட்டிற்கு அரிசி கொடுப்பது தொண்டு. கொடுத்தவன் அதனால் ஒன்றுங் கற்கவேண்டியதில்லை. தொண்டுவழிக் கல்வியிலோ கொடுப்பவன் கற்றாகவேண்டும், பெறுபவர் கற்பித்தாகவேண்டும். இராபர்ட் சிக்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1979-ஆம் ஆண்டு இதற்கு மூன்று நெறிகளை வகுத்தார். எவ்வேலை நடக்கவேண்டுமென்பதைத் தொண்டு பெறுவோரே முடிவு செய்தல் ஒன்று. அவ்வேலையால் அவர்கள் பின்னர்த் தாமே தமக்கும் பிறர்க்கும் உதவிக்கொள்ளும் வன்மை பெறுதல் இரண்டு. தொண்டு செய்வோரும் மாணாக்கரே என்பதும், தாம் கற்கவேண்டியது யாதென உறுதி செய்வதில் அவர்க்கும் பங்குண்டென்பதும் மூன்று.

இந்நெறிகளின் அருமையை யாம் நூலிற் கற்குமுன் ஒரு வாய்க்காலிற் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்கு ஒரு பொறியியற் கல்லூரி மாணாக்கர் ஏழு நாள் முகாமிட்டு வந்தனர். அவருள் எம்மிடம் தமிழ் பயின்ற பிள்ளையும் ஒருவன். கண்மாயின் வரத்துக்காலில் மேடிட்ட மண்ணை வெட்டி அப்புறப்படுத்துதல் அவர்கள் ஏற்ற வேலை. காலை தொட்டு மாலை வரை கை கொப்பளிக்க வெட்டினர். வெட்டிய மண்ணை மலைப்பக்கத்துக் கரையிலேயே அழகாக அடுக்கினர். ஏழாம் நாள் மாலை சூட்டல், படம் பிடித்தல், யாமும் பேசிய பாராட்டுரை எல்லாம் நிகழ்ந்தன. ஐப்பசியில் மழை வந்தது. மலையிலிருந்து இறங்கிய நீர் அக்கரை மண் முழுவதையும் ஒரே இரவில் வாய்க்காலுக்குள் திரும்பத் தள்ளிற்று. முன்னிருந்ததினும் கால்வாய் மேடாயிற்று.

அக்கண்மாய்க்கு நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். மடை திறப்பதும் அடைப்பதும், எவ்வயலுக்கு எத்தனை நாழிகை என்று பங்கிடுவதும் அவர் குடும்பத்தார்க்குத் தலைமுறை தலைமுறையாய் வந்த வேலை. மழை நின்றபின் அவரைக் கரைமேற் கண்டோம். “மேல்கரையிலே மண்ணைப் போட்டா நிக்காதுங்கய்யா, கீழ்கரையிலேதான் போடணும். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்” என்றார். அச்சொல்லில் சினமில்லை, ஏளனமுமில்லை. அதனாலேயே அது எம் நெஞ்சைத் தைத்தது.

மாணாக்கர் அவரைக் கேட்கவில்லை. அவர்களை அழைத்துவந்த ஆசிரியர் கேட்கவில்லை. அவ்வூர்ப் பெரியவர்களும் அவரைக் கேளுங்கள் எனச் சொல்லவில்லை. மடை, மதகு, மறுகால், கலிங்கு என்னும் சொற்களை வகுப்பில் பல்லாண்டு விளக்கிவந்த யாமும் ஒரு நாளேனும் அவரிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டதில்லை. ஏன்? அன்பர்கள் பொறுத்தருள்க, உண்மையைச் சொல்லவேண்டும். அவர் நம்மவர் அல்லர். அவர் பாட்டனார் காலத்தில் நம் தெருவிற் செருப்பணிந்து நடத்தற்கு உரிமையற்றிருந்த வகுப்பினர் அவர். கேட்கத் தகுந்தவர் யாவர், கேட்கத் தகாதவர் யாவர் என்னும் பட்டியலை நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகுமுன்னரே நாம் அவர்கள் மனத்தில் எழுதிவிடுகின்றோம். அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தொண்டு செய்யினும் அது மேல்கரையில் அடுக்கிய மண்ணே யாகும்.

‘நமக்கு இஃதெல்லாம் புதிதா? குடிமராமத்து நம் முன்னோர் கண்டதன்றோ?’ எனக் கேட்பார் உளர். மெய்யே. கோடையில் கண்மாய் வற்றியபோது ஊரார் ஒன்றுகூடி வரத்துக்கால் வெட்டிக் கரை உயர்த்திய பழக்கம் பெருமைக்குரியது. அப்பழக்கம் தளர்ந்தபோது, 1858-ஆம் ஆண்டில் அரசினர் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி அதனைத் தாங்கப் பார்த்தனர். 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஏரி குளங்களைத் திருத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. மதுரையிலுள்ள தானம் அறக்கட்டளையோ, கண்மாய்ப் பாசன உழவர்களை வயலகம் என்னும் பெயரில் ஒன்றுசேர்த்து, அவர்களைக் கொண்டே பல கண்மாய்களைச் செப்பஞ் செய்துள்ளது. ஆயினும் பழைய குடிமராமத்தை முழுதும் பொன்னெனக் கொள்ளலாகாது. பல ஊர்களில் நிலமுடையார் நீர் பெற்றனர். நிலமில்லார் மண் சுமந்தனர். வெட்டியவன் கண்மாயில் அவன் மனைவி குடம் நனைக்கக் கூடாதிருந்த ஊர்களும் இருந்தன. முன்னோரின் கூட்டுழைப்பைக் கைக்கொள்வோம். அவர்களின் ஓரவஞ்சனையைக் கைவிடுவோம்.

கேட்டல் என்னும் இச்சிறு செயல் வாய்க்காலோடு நிற்பதன்று. தேவாரத்திற்கு அண்மையிலுள்ள பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க, ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை இசைவளித்தது. மலைக்கும் நீருக்கும் என்னாகுமோ என்னும் அச்சம் ஊரார்க்கு. அச்சத்திற்கு இடமில்லை என்பது அறிவியலார் கூற்று. போராட்டங்களும் வழக்குகளும் தொடர்ந்தன. 2022-இல் தமிழ்நாட்டரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. இதில் எவர் கூற்று மெய்யெனத் தீர்ப்புரைக்க யாம் புகவில்லை. அது எம் தகுதிக்கு மேற்பட்டது. எனினும் ஒன்று தெளிவு. நுண்கணக்குக் கற்றவர்க்கும் மலையடியில் ஆடு மேய்ப்பவர்க்கும் பொதுவாய் ஒரு மொழி முன்னரே பழகியிருந்தால், இரு திறத்தார் வினாக்களும் விடைகளும் நீதிமன்றத்திற்குப் போகுமுன் ஊர் மந்தையிலேயே சந்தித்திருக்கும். அம்மொழியைப் பழகுதற்குரிய காலம் மாணவப் பருவமே.

வாய்ப்போ நம் வாயிலுக்கே வந்துள்ளது. போடிநாயக்கனூரை அடுத்த மேலச்சொக்கநாதபுரத்தில் 2012-ஆம் ஆண்டு அரசினர் பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றது. நம் பிள்ளைகள் அங்கும் பிற கல்லூரிகளிலும் பயில்கின்றனர். அவர்களுக்குரிய பாடங்கள் நம்மைச் சுற்றியே கிடக்கின்றன. ஏலத் தோட்டத்து ஸ்டோர்களில் பச்சைக் காயை உலர்த்த விறகு எவ்வளவு எரிகின்றது. புகையும் செலவுங் குறைய வழியுண்டா? போடியில் நாள் முழுதும் தரையில் அமர்ந்து காய் தரம் பிரிக்கும் பெண்டிர்க்கு முதுகு நோவாத ஒரு பலகை செய்யலாகாதா? விடியுமுன் ஜீப்புக்களில் நெருக்குண்டு போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறிச் செல்லும் தோட்டத் தொழிலாளர் நலமாய் வீடு திரும்ப என் செய்யலாம்? தேவாரத்தார் நெடுங்காலமாய்க் கேட்டுவரும் சாக்கலூத்து மெட்டுச் சாலையால் காட்டிற்கு விளையும் கேடு எத்துணை, மக்களுக்கு விளையும் நன்மை எத்துணை? லோயர் கேம்ப்பிலிருந்து நம் பக்கத்துக் கண்மாய்களுக்குப் பெரியாற்று நீர் கொணரும் 18-ஆம் கால்வாயில் கரை எங்கெங்கே இளகியுள்ளது? ஒவ்வொன்றும் ஒரு நல்ல ஆய்வு. ஒவ்வொன்றிலும் மாணாக்கன் அறியாததை அறிந்த ஒருவர் ஊரில் உளர்.

நம் சங்கம் பொறியியல் பயிலும் மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் உதவித்தொகை அளித்து வருகின்றது. தகுதியுடையார்க்குப் பொருளுதவி புரிதல் நற்செயலே. அதனோடு தொண்டுவழிக் கல்வியையும் இணைக்கவேண்டுமென்று சங்கத்தாரைப் பணிவுடன் வேண்டி, நான்கு முறைகளை முன்மொழிகின்றோம்.

முதலாவது, உதவி பெறும் மாணாக்கர் குழுவாகச் சேர்ந்து ஓர் ஊரின் ஒரு வேலையை ஏற்கவேண்டும். அவ்வேலை இன்னதென்பதை அவ்வூரார் சொல்லவேண்டும். ஊரார் என்பது ஊர்த்தலைவர் மட்டுமன்று; தண்ணீர் சுமக்கும் பெண்களும், நீர்பாய்ச்சியும், தோட்டக் கூலியும் அதில் அடங்குவர்.

இரண்டாவது, அவ்வேலை நம் தெருவோடு நிற்றல் கூடாது. நம் தெருவுக்கு நாம் செய்வது வீட்டு வேலை. அடுத்த தெருவுக்குச் செய்வதே தொண்டு. சங்கப் பணத்தைப் பிற தெருவிற் செலவிடுவதா என வினவுவோர்க்கு ஒரு விடை உண்டு. பெரியாற்று நீர் வயலுக்குள் நுழையுமுன் சாதி கேட்டதுண்டோ?

மூன்றாவது, வேலை ஏழு நாளில் முடிதல் கூடாது. இரண்டாண்டேனும் தொடர்தல் வேண்டும். மூத்தோர் ஒரு குறிப்பேடு எழுதி இளையோர் கையில் ஒப்படைக்கவேண்டும்.

நான்காவது, வேலை முடிந்து ஓராண்டு சென்றபின் அவ்வூர்க்கு மீளச் சென்று, செய்தது நின்றதா, அழிந்ததா எனக் கேட்டுவந்து இவ்விதழில் எழுதவேண்டும். நின்றதை மட்டும் எழுதி அழிந்ததை மறைத்தலாகாது. அழிந்தது ஏனென்று எழுதுவதே அடுத்த பிள்ளைக்குப் பாடமாம்.

இவற்றால் படிப்புக் கெடும் என அஞ்சும் பெற்றோர்க்கு ஒரு சொல். முகாமுக்கு வந்த எம் மாணாக்கன், மண் சரிந்த செய்தியை யாம் எழுதியவுடன், அடுத்த விடுமுறையில் நண்பர் இருவரோடு திரும்பி வந்தான். இம்முறை மண்வெட்டியைத் தொடுமுன் நீர்பாய்ச்சியின் வீடு தேடிச் சென்றான். திண்ணையில் அமர்ந்து, அவர் கொடுத்த காப்பியைக் குடித்து, மழைக்காலத்து நீரின் போக்கையெல்லாம் கேட்டு எழுதினான். பின்னர் அவர் காட்டிய இடத்தில் மண்ணைக் கொட்டி, காட்டிய சரிவில் கரையைத் திருத்தினர். நீரோட்டத்தைப் பற்றிய பாடம் அதுவரை தனக்கு எழுத்தாக மட்டும் இருந்ததென்றும், அன்றுதான் அது விளங்கிற்றென்றும் அவன் எம்மிடம் சொன்னான். அடுத்த மழையில் அக்கரை நின்றது.

அவன் வீட்டார் அவன் அங்கே காப்பி குடித்ததறிந்து முதலில் முகஞ் சுளித்தனர். இப்போது அவன் தாயாரே அவ்வழிச் செல்லும்போது அவ்வீட்டு வாயிலில் நின்று நலம் விசாரித்துச் செல்கின்றார். கரையினும் இது பெரிய வேலையென யாம் கருதுகின்றோம்.

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தனர். ஒப்புரவு என்பதனுள்ளே ஒப்பு என்னும் சொல்லும் இருத்தல் காண்க. தன்னோடு ஒப்பவர் என ஊராரை எண்ணி அவர்பால் கற்க இசைபவனே அவர்க்கு உதவவும் வல்லவன். வருகின்ற தைப்பொங்கலில் பென்னிகுயிக்குக்குப் பொங்கலிடும்போது, பெயரறியாக் கல்தச்சரையும், காட்டில் மாண்ட கூலியாட்களையும், நம் ஊர் நீர்பாய்ச்சியையும் ஒருங்கே நினைப்போமாக. சங்கத்தார் அடுத்த பொதுக் கூட்டத்தில் இவ்விண்ணப்பத்தை ஆராய்ந்து ஆவன செய்வாராக.